நான்காவது முளை

ஸ்ஸ்ஸ் என்று நீண்ட பெருமூச்சு. பட்டறையில் என் காரைத் தூக்கி வைத்திருந்த லிஃப்ட் இறங்குகிறது. அழுத்தம் விட்டு எண்ணெய் திரும்புகிற ஒலி. கையில் ஆறிப்போன தேநீரோடு நிற்கிறேன், தலை நரைத்தவன். இந்த ஒலி எங்கள் தீவில், தேர் ரூஜ் ஊரில், எங்கள் கொட்டகையில் கேட்டிருக்க வேண்டியது. ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அண்ணன் பகலில் பேருந்து மெக்கானிக். மாலையில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் டாக்சிகளைப் பழுது பார்ப்பான். ஜாக்கியால் தூக்கி, கட்டை முட்டுக்கொடுத்து, சாக்கு விரித்து மல்லாந்து படுப்பான். எண்ணெய் சொட்டிச் சொட்டி வலது கண் எப்போதும் சிவப்பு. காலையில் கட்டிலிலிருந்து எழ அண்ணி கை கொடுக்க வேண்டும்.

விடுதலை வரப்போகிறது என்று தீவு முழுக்கப் பேச்சு. நாளை என்ன ஆகுமோ என்று பயந்தவர்கள் பெட்டி கட்டினார்கள். அண்ணியின் தமையன் முன்பே மெல்போர்னுக்குப் போயிருந்தான். "இங்கே யாரும் தரையில் படுத்து வேலை செய்வதில்லை" என்று எழுதினான். அந்த ஒரு வரியை அண்ணன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். எனக்குத் தாயும் தகப்பனும் அவன்தான். அவன் போனால்? போகக் கூடாது. லிஃப்ட் வாங்க வேண்டும் என்று நச்சரிக்கத் தொடங்கியது நான்தான். தரையில் ஊன்றிய இரும்பை விட்டுவிட்டு யார் கப்பல் ஏறுவான்?

சாப்பாட்டு மேசையில், லிஃப்ட் விற்கும் கடைக்காரன் கொடுத்த படப்புத்தகம். எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல். உறவுமுறையும் சாமி கும்பிடுவதும் தமிழ். அன்றைய பேச்சை என் தமிழில்தான் இப்போது சொல்ல முடிகிறது.

"லிஃப்ட் எதுக்கு? பள்ளம் வெட்டிக் கீழ எறங்கி நின்னா போதாதா?" என்றாள் அண்ணி.

"மழைக்காலத்துல நீ எறங்கி நீந்து. நான் மேல நின்னு கை தட்டறேன்," என்றான் அண்ணன்.

நான் நான்கு தூண் லிஃப்ட்டைக் காட்டினேன்.

"கொட்டகை அகலம் பத்தாதுடா. சமையலறைச் சுவரை இடிக்கணும்."

"இடிங்க, இடிங்க. அடுப்பைக் கார் மேல ஏத்திக்கறேன். வரவங்களுக்கு வெந்நீரோட வண்டி." ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணி சிரித்தாள். இரண்டு முறை கரு தங்காமல் போனபின் தங்கியது இது.

மிஞ்சியது ஒற்றைத் தூண். நடுவில் ஒரே உருளை, ஆள் உயரத்துக்கும் மேலே வண்டியைத் தூக்கும். அண்ணன் விரலால் அந்தப் படத்தைத் தடவினான். ஒரு தொல்லை: உருளையை இறக்க, அது ஏறும் உயரத்துக்குத் தரையில் குழி வெட்ட வேண்டும்.

அண்ணன் புத்தகத்தை மூடினான். "பிள்ளை பொறக்கட்டும்."

வீட்டில் பெண் கர்ப்பமாக இருந்தால் எங்களவர்கள் மண்ணைக் கிளற மாட்டார்கள்; கரு கலைந்துவிடும் என்பார்கள். அஸ்திவாரம் கிடையாது, வேலிக்கால் கிடையாது. எனக்கும் தெரியும். ஆனால் கடைக்காரன், "இன்னொருவர் கேட்கிறார் மிஸ்யே, அளவாவது கொண்டு வாருங்கள், உங்களுக்கென்று நிறுத்தி வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தான். மெல்போர்ன் கடிதங்கள் தடித்துக்கொண்டே வந்தன. முளை அடிப்பது தோண்டுவது ஆகாதே என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். படித்தவன் அல்லவா! அவர்கள் கோவிலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கயிறு பிடித்து அளந்து, குழியின் நான்கு மூலைக்கும் நான்கு இரும்பு முளைகளை அடித்தேன். கடைசியானதைப் பெருமையில் ஓங்கி அடித்தேன். அது தலைவரை மண்ணுக்குள் போயிற்று.

திரும்பி வந்த அண்ணி கொட்டகை வாசலில் நின்றாள். நெற்றியில் திருநீறு. "என்ன தம்பி, மாடு வாங்கியாச்சா? நாலு காலையும் தனித்தனியாக் கட்டவா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் நினைவில் உறைத்தது.

மறுநாள் காலை மூன்று முளைகள் சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்தன. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அண்ணியின் உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன. நான்காவதை நானே எடுத்திருக்கலாம். வெட்கம். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.

மூன்று வாரம். இந்தக் கருவும் தங்கவில்லை. அண்ணியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அண்ணன் மட்டும் வந்தான். நேரே கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தான்.

"இனிமே தோண்டலாம். யாரு தடுக்கப் போறா?"

தூக்கிய கடப்பாரை தூக்கியபடியே நின்றது. பிறகு, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல, அதைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான். என்மேல் ஒரு வசவு, ஒரு அறை விழுந்திருந்தால் பிழைத்திருப்பேன். விழவில்லை. அடுத்த மாதம் அவன் பயணத்துக்கு மனுப் போட்டான். நான் 'போகாதே' என்று சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

போர்ட் லூயி துறைமுகம். கைக்குட்டைகள், அழுகை, பெட்டி மேல் பெட்டி. அண்ணன் என் தலையில் கை வைத்தான், திரும்பிக்கொண்டு சுமைக்காரன் பின்னே போனான். அண்ணி நின்றாள். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வந்த சொற்களோடு அவள் முன்னால் போனேன். நான் எதற்குத் தவிக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், வேலைக்குப் போகும் காலைகளில் செய்வதுபோல. காதருகே நெருங்கி, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"மூணுதான் என்னால பிடுங்க முடிஞ்சுது. அந்த நாலாவதையும் பிடுங்கிப் போட்டுடு, தம்பி. அடுத்ததாவது தங்கட்டும்."