நாத்தனார் மறைத்த எக்ஸ்ரே ரிப்போர்ட்

என் மகளுக்கு ஏழு வயதில் முழங்கால் அருகே கட்டிபோலப் புடைத்தது. தென்காசியில் நாத்தனார் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்தோம். "ஒண்ணுமில்ல மதினி, வளருத பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள். ரிப்போர்ட்டைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் கால் வளைந்துவிட்டது. திருநெல்வேலி டாக்டர் கேட்டதால் பழைய ரிப்போர்ட்டின் நகலை வாங்கிக் கொடுத்தேன். "எலும்பு வளருத எடத்துல நெறைய கட்டி இருக்கு, அபூர்வமான நோய், உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கன்னு அப்பவே எழுதியிருக்காங்களேம்மா" என்றார்.

நேரே நாத்தனாரிடம் போய்க் கேட்டேன்.

"பொம்பளப்பிள்ள மதினி, வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா? அண்ணன்தான் ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாவ."

உடன் வந்திருந்த என் கணவர் தலை நிமிரவேயில்லை.

ஆபரேஷனுக்குப் பின் மகள் நடக்கிறாள், லேசாகச் சாய்ந்துதான். இப்போது ரிப்போர்ட்டை நானே வாங்கி, டாக்டரிடம் வரிவரியாகக் கேட்டுக்கொள்கிறேன். கணவரை அழைத்துப் போவதில்லை.