நான் வாசித்துக் கொடுத்த வரிகள்

என் மகளின் கம்ப்யூட்டர் கூட்டங்களுக்கு நானும் கூடப் போய்வந்ததைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டும் என்று அவளேதான் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்துக்கொண்டு வருகிறாள். எதையும் திருத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் ஒலக்கூர்ப் பக்கத்தில் பிறந்தவள். இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்க அனுப்பிவிட்டார்கள். திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துகளை விடாமல் பிடித்து வைத்திருந்தேன். தொண்ணூற்று மூன்றோ, அதற்கு அடுத்த வருஷமோ, பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லித்தர எங்கள் தெருவுக்கு வந்தார்கள். மூன்று நாள் போனேன். நாலாம் நாள் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு நிற்க, பின்னால் ஒருத்தி சிரித்தாள். ஸ்லேட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு வெளியாள் முன்னால் வாய்விட்டுப் படித்ததில்லை. படிக்க வராது என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. வீட்டுக்குள் மகளுக்கு மட்டும் தெரியும்.

அவள் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ் எல்லாம் அடித்துக்கொடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். இந்தக் கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் அடுத்த கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று தினமும் புலம்புவாள். அதற்கு வழி தெரிந்தவர்கள் விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிளம்பினாள். எல்லாம் பசங்களாக இருப்பார்களே என்று நானும் பஸ் ஏறினேன்.

ஒரு டியூஷன் சென்டரின் மாடி. கட்டற்ற மென்பொருள் என்றார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குத் தரலாம். ஒருவருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ஐந்து பேர் தலையை நீட்டுவார்கள். முதல் நாளே ஒரு பையனைக் கேட்டேன்.

"இதுல உங்களுக்கு இன்னாப்பா கெடைக்குது?"

"ஒண்ணும் கெடைக்காதும்மா. நாங்க செஞ்சத வேற யாராவது எடுத்துக்குவாங்க."

"வூட்ல திட்ட மாட்டாங்களா?"

"திட்டிக்கினுதான் இருக்காங்க."

எனக்குப் பிடித்துப்போனது. காவலுக்குப் போனவள், பிறகு போக வேண்டும் என்றே போனேன். கடைசி பெஞ்சில் உட்காருவேன். அச்சடித்த காகிதம் கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எப்போது பக்கம் திருப்புகிறாரோ அப்போது நானும் திருப்புவேன். ஒருமுறை, "எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். "எழுத்து பொடிசா இருக்கு" என்றேன். அடுத்த மாதம் பெரிய எழுத்தில் அடித்து வந்தார்கள். நன்றாகப் படித்த அம்மா என்று எனக்கு அங்கே பேர்.

சில வருஷம் கழித்து எங்கள் திண்டிவனத்திலேயே ஒரு கல்யாண மண்டபம் பிடித்து மாநாடு வைத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் என் மகளுக்கு ஒரு மேசை. வருகிறவர்கள் திரையில் தெரியும் வரியைப் படிக்க வேண்டும், கம்ப்யூட்டர் அதைப் பதிந்துகொள்ளும். அப்படிச் சேரும் குரல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அது தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகுமாம். மத்தியானம் வரைக்கும் வந்தவர்கள் எல்லாம் காலேஜ் பையன்கள். பிள்ளைகளோடு வந்த அம்மாமார்கள் மைக்கைக் கண்டதும் நழுவிவிட்டார்கள். மகள் முகம் தொங்கிப்போனது.

"வயசான பொம்பளைங்க கொரலு ஒண்ணு கூட இல்லம்மா. நாளைக்கு அவங்க பேசினா இதுக்கு ஒண்ணும் புரியாது" என்று என்னிடம் சொன்னாள். என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

விழுப்புரம் கூட்டங்களுக்கு வரும் திருவெண்ணெய்நல்லூர்ப் பெண் ஒருத்தி கூட உதவிக்கு இருந்தாள். அவள்தான் கேட்டாள். "அக்கா, உங்கம்மாவே இருக்காங்களே. கூட்டத்துல குடுக்குற நோட்டீசு முழுக்கப் படிக்கிறவங்களாச்சே."

மகள் தலையைத் தூக்காமல், "அவங்களுக்குக் கண்ணு வலி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்துக் கடுதாசி வந்தாலும் சரி, ஆஸ்பத்திரிச் சீட்டு என்றாலும் சரி, சும்மா பேசுகிறது போல எனக்குப் படித்துச் சொன்னவள் அவள். என் மானத்தைக் காப்பதற்கு அத்தனை வருஷம் பழகியிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு வேண்டியது என்னிடம் இருந்தும், தன் வாயாலேயே வேண்டாம் என்கிறாள்.

"எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல" என்று போய் உட்கார்ந்தேன்.

முதல் வரி வந்தது. 'ஏரி நிரம்பியதால் விவசாயிகள் மகிழ்ச்சி அடைந்தனர்.' ஏ என்று தொடங்கி, விவசாயி வருவதற்குள் நேரம் முடிந்து பதிவு அதுவாகவே மூடிக்கொண்டது. மறுபடியும் அப்படியே. பின்னால் வரிசை நின்றது. அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. சிரிக்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நான் சொல்றேன், நீங்க திருப்பிச் சொல்லிடுங்க."

"நீ சொல்லி நான் சொன்னா அது நீ படிச்சது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கொஞ்சம் நேரம் ஆவும்."

சொல்லிவிட்டேன். காது சுட்டது. வரிசையில் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

மகளிடம், "நான் தலையாட்டுற வரைக்கும் அந்தப் பொத்தான அமுக்காத" என்றேன். விரலை வைத்து, வாய்க்குள்ளேயே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ஏரி நிரம்பியது. விவசாயி வந்தார். முழு வரியும் கைக்குள் வந்த பிறகு தலையாட்டினேன். அவள் பொத்தானை அமுக்கினாள். ஒரே மூச்சில் சொன்னேன். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. அந்தப் பெண் வரிசையை வேறு மேசைக்குக் கூட்டிப் போய்விட்டாள். யாரோ வந்து, "சாப்பாடு ஆறுதும்மா" என்றார்கள். "ஆறட்டும்" என்றேன். மகள் ஓர் எழுத்தும் எடுத்துக் கொடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது வரி முடிந்ததும் ஹெட்போனை என் காதில் வைத்துப் போட்டுக் காட்டினாள். பேசுகிற குரலை நான் போனில் கேட்டிருக்கிறேன். படிக்கிற குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குத் தெரியாத யாரோ ஒரு பொம்பளை, அவசரமே இல்லாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலையும் அனுப்பிடட்டா?"

"மொத வரில, கடைசில மூச்சு வாங்குது. அத அழிச்சிட்டு மறுபடி வெய்யி."

"சாப்ட்டு வந்து பண்ணிக்கலாம்மா."

"அதுக்குள்ள எழுத்து வுட்டுப்பூடும். இப்பவே வெய்யி."

அழித்தாள். நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஏ மேல் விரலை வைத்தேன்.