பஞ்சடைத்த வண்டி

மாமா வெளியிலிருந்து வண்டியின் கதவைச் சாத்தியதும் பட்டறையே இல்லாமல் போனது. அதுவரை கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தென்காசி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கதவு பொருந்திய நொடியில் எல்லாம் நின்றுவிட்டது. என் மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் என்னுடையதுபோல் இல்லை. பக்கத்தில் யாரோ படுத்திருப்பதுபோல் இருந்தது.

எனக்குப் பயமில்லை, பெருமைதான். அந்த வண்டியின் படத்தைப் போட்டவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளும் நான். அந்த வருடம்தான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தேன்.

அப்பா ராஜபாளையத்தில் நூல் மில்லில் இருபது வருடம் நின்று வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வரும்போது காதில் பஞ்சு வைத்தபடியே வருவார். அம்மா ஜாடை காட்டினால்தான் எடுப்பார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடியதால் பகலிலும் அவருக்குத் தூக்கம் கிடையாது. முழங்கால் மடங்காமல் போனபோது மில்லை விட்டுவிட்டு, செண்பகத்தோப்புப் பக்கம் ஓடைக்கு அப்பால் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். காய் பிடித்ததிலிருந்து கடைசிப் பழம் இறங்கும்வரை குத்தகைக்காரர் தோப்பிலேயே கிடந்து காவல் காக்க வேண்டும்.

முதல் வருடம் அவர் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது யானை வந்து காவல் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டது. கயிற்றுக் கட்டிலின் நான்கு கால்களும் நான்கு பக்கம் கிடந்தன. அவர் உள்ளே இருந்திருந்தால் என்று ஆரம்பித்த பேச்சை எங்கள் வீட்டில் யாரும் முடித்ததில்லை.

மரத்தில் பரண் கட்டினால் அந்த முழங்காலோடு ஏற முடியாது. கல் வைத்துக் கட்டலாம் என்றால் காட்டிலாகாக் காவலர் கூடாது என்றுவிட்டார். "சக்கரம் வச்சது எதுவும் கட்டடம் இல்லையே?" என்று நான் கேட்டேன். அவர் செத்த நேரம் யோசித்துவிட்டு, "அது வண்டி. வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அம்மாவின் தம்பியான மாமாவுக்கு வெல்டிங் பட்டறை இருந்தது. வண்டிப் படம் போட்ட நோட்டை அவர் முன்னால் விரித்தேன்.

"வீட்டுக்குச் சக்கரம் கேக்கா மருமக. அடுத்து சக்கரத்துக்கு ஒரு வீடு கேப்பா."

"கேலி பண்ணாதீங்க மாமா. ஓடையில எம்புட்டுப் பெரிய கல்லு கிடக்குன்னு தெரியும்ல? உயரம் வேணும். ஆக்ஸிலுக்கு மேல ஸ்பிரிங்க வைங்க, கீழ வேண்டாம்."

அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேலி செய்யவில்லை.

பழைய ஜீப்பின் ஆக்ஸிலும் சக்கரங்களும் இரும்புக் கடையில் கிடைத்தன. ஆங்கிள் இரும்பில் சட்டம். ஒருவர் நீட்டிப் படுத்து, காலடியில் ஒரு டிரங்குப் பெட்டியும் வைக்கிற அளவு. முன்னால் டிராக்டரில் மாட்டக் கொக்கி. காற்றுக்குத் தரையில் துளைகள் போட்டுக் கம்பிவலை அடித்தோம். கூரையில் வளைந்த குழாய் ஒன்று. பக்கவாட்டில் ஜன்னல் வேண்டாம், தும்பிக்கை நுழையும் என்று நானே சொன்னேன்.

தகரப் பெட்டி சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். அதற்கும் என் பாடப்புத்தகத்தில் வழி இருந்தது. பஞ்சு அரிதிற் கடத்தி, வெப்பத்தை விடாது. தகரத்தை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு அடுக்காக அடித்து, நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு, மில் கழிவுப் பஞ்சைத் திணித்தோம். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? தலையணை, மெத்தை, கதவிடுக்கு என எந்தச் சந்து கிடைத்தாலும் கழிவுப் பஞ்சுதான். மூன்று நாள் நானும் அம்மாவும் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தோம். கதவுக்குள்ளும் அடைத்தோம். பூச்சி வராமலிருக்கத் தரைத் துளைகளிலும் கூரைக் குழாயிலும்கூட இளக்கமாக வைத்தோம். உள் தகரங்களை மாமா ஸ்க்ரூவால் முறுக்கினார். கைவைத்துப் பார்த்தேன். வெளித்தகரம் கொதித்தது. உள்ளே பானைபோல் குளிர்ச்சி.

பாதி வேலையில் மாமா ஒருமுறை சொன்னார்: "உள்ள கூப்பிட்டா கேக்கலட்டி."

"அப்பா நல்லாத் தூங்கட்டும்" என்றேன்.

டிராக்டர் அதை ஓடைக்குள் இழுத்துப் போன காலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும், மறுசக்கரம் பள்ளத்தில் இறங்கும். பெட்டி சாய்ந்து, நிதானமாக நிமிரும். உள்ளே வைத்திருந்த செம்புத் தண்ணீரில் பாதிகூடச் சிந்தவில்லை. டிராக்டர்காரர் இறங்கிவந்து தட்டிப் பார்த்தார். தட்டிய சத்தம் பெட்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

"என்னம்மா, ஊமையா இருக்கு?" என்றார்.

தோப்புக்குள் சிலவற்றின் பேரைச் சொல்ல மாட்டார்கள். யானையைப் 'பெரியவுக' என்பார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாகிவிடுமாம். அதை நான் நம்பவில்லை. ஆனாலும் அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, பிறகு நடந்து, அம்மாவும் நானும் சோற்றுத் தூக்கோடு போய்ச் சேர்ந்தோம். அப்பா கதவைத் திறந்து வந்தார். அவருடைய முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கண் தெளிந்து, கன்னத்தில் கோரைப்பாயின் வரி பதிந்திருந்தது.

"தாயி, படுத்ததுதான் தெரியும். இருபது வருசத்துத் தூக்கத்தையும் ஒரே ராத்திரியில தூங்கிட்டேன்."

"பெரியவுக வந்தாகளா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் வரல. ஒரு சத்தமில்ல."

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். ஓடைப்புழுதி தகரத்தில் அப்பியிருந்தது. மலையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் அது துடைக்கப்பட்டிருந்தது. அகலமான வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, என் கை எட்டாத உயரம்வரை. குருடர் ஒருவர் அறிமுகமில்லாத முகத்தைத் தடவிப் பார்த்ததுபோல் இருந்தது. பத்தடி தள்ளிச் சப்பட்டை ரக மாங்காய்கள் கைக்கெட்டும் கிளையில் தொங்கின. ஒன்றுகூடக் குறையவில்லை.

பனி வடிந்த தடமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தானையால் மீதிப் புழுதியையும் துடைத்துவிட்டேன். அம்மா கேட்டதற்கு, "புது வண்டியில்ல, சுத்தமா இருக்கட்டும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் வண்டியின் கொக்கி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதை ஓடையைப் பார்க்க நிறுத்தியிருந்தோம். சக்கரங்களுக்கு அண்டை கொடுத்திருந்த கற்கள் நான்கும் ஓரமாக, பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்பா கதவைத் திறந்துவிட்டு, காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"ஓடை எங்க?" என்றார்.

அம்மா முதுகுப்பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்கதான் திருப்பி வச்சீகளோ?"

"நாங்க இப்பத்தான வாரோம்" என்றாள் அம்மா.

"அப்போ ராத்திரி நான் உள்ள கிடந்தேனே."

அவர் தரையைப் பார்த்தார். கல்லும் சருகும் கலந்த பூமி, காலடித் தடம் விழாது. சக்கரம் உருண்ட இரண்டு கோடுகள் மட்டும் அரைவட்டமாகத் தெரிந்தன. எங்கும் திக்காத, அவசரப்படாத கோடுகள். தூங்குகிற மனிதரை எழுப்பாமல் அத்தனை பெரிய பெட்டியைத் திருப்ப முடிந்ததென்றால், அது நான் வைத்த ஸ்பிரிங்காலும் மாமா ஊற்றிய கிரீஸாலும்தான்.

அப்பாவை உள்ளே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். "அப்பா" என்று கூப்பிட்டேன். தகரத்தைத் தட்டினேன். பிறகு கல்லால் அடித்தேன். கடைசியில், ஏனென்று தெரியவில்லை, தொண்டை கிழிய "யானை! யானை!" என்று கத்தினேன். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. கதவு திறக்கவில்லை.

அம்மா என் வாயைப் பொத்தினாள். "பேரைச் சொல்லிட்டியேட்டி."

செத்த நேரம் கழித்து அப்பா தானாகவே கதவைத் திறந்தார். "என்ன தாயி, இன்னும் கூப்பிடலையா?"

அம்மா என்னைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துக் கேட்டாள். "உள்ள வச்சிருக்கிறது காவக்காரனையா, கருவாட்டையா? கல்லால அடிச்சதுகூடக் கேக்கல. நாளைக்கு அவிய இதைத் தலைகீழாக் கவுத்தாலும், கவுந்த பொறவுதான இந்த மனுசனுக்குத் தெரியும்?"

அப்பா எனக்காகப் பேசினார். "பிள்ளைய வையாத. நல்ல வண்டி. நான் இப்படித் தூங்குனதே இல்ல."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று இறக்கிய காய்களோடு அம்மா டிராக்டரில் ஊருக்குப் போனாள், மறுநாள் மாமாவைக் கூட்டி வருவதற்கு. நான் தங்கிக்கொண்டேன். தலைமாட்டில் ஓர் உள்தகரத்தை அன்றைக்கே கழற்றுவது என்று முடிவு செய்திருந்தேன். மேற்கே மலை இருப்பதால் அங்கே பொழுது சட்டென்று இறங்கிவிடும். வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே மரங்களுக்கடியில் இருட்டிவிடும். அணில்கள் கத்துவதை நிறுத்தின. அப்பா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மறுபடியும் அந்த ஒன்றுமில்லாமை.

அவர் டார்ச் பிடித்தார். நான் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தகரம் விலகியதும் பஞ்சு பிதுங்கி என் மடியில் விழுந்தது. நான் திணித்த பஞ்சு. பிடிபிடியாக உருவினேன். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெளித்தகரம் மட்டும் மிஞ்சியது.

அதில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கத்தில் வெயில் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையைச் சற்றுத் தள்ளி வைத்தேன். அங்கே தகரம் சில்லென்றிருந்தது. மறுபடி பழைய இடத்தில் வைத்தேன். வெதுவெதுப்பு.

காதை வைத்தேன்.

ஒரு மூச்சு. உள்ளே போனது, நின்றது, வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகரம்தான். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்து காதை வைத்தார். அவருடைய கண்கள் என் கண்களுக்குப் பக்கத்தில் இருந்தன. டார்ச்சை அணைத்தார்.

வண்டி மெல்லச் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. யாரோ தொட்டிலைக் காலால் ஆட்டுவதுபோல் இருந்தது. தகரத்தின்மேல் ஏதோ ஈரமாக ஊர்ந்தது. நாங்கள் தலை வைத்திருந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. காலையில் நான் கத்திய பேர் வாய்க்குள் வந்து நின்றதை விழுங்கினேன். அப்பாவின் கை என் தலைமேல் இருந்தது.

பிறகு மூச்சு நகர்ந்தது. தூரத்தில் ஒரு கிளை ஒடிந்தது. இன்னும் தூரத்தில் ஒரு பழம் விழுந்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு வெளியில் பழம் விழுவதைக் கேட்டது அதுதான் முதல் முறை.

காலையில் மாமா வந்தார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன், முந்தானையால் துடைத்ததையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. வெட்டுளியை எடுத்துக்கொண்டு, "வெயில் உள்ள வரும்ட்டி" என்றார்.

"வரட்டும் மாமா."

நான்கு பக்கமும் கையகலத் துளைகள் போட்டுக் கம்பிவலை வைத்தோம். பக்கங்களில் ஒரு பிடி பஞ்சு மிச்சமில்லாமல் எடுத்தோம். சக்கரங்களைக் கழற்றி, வண்டியைக் கல்மேல் ஏற்றி, சங்கிலியால் மரத்தோடு கட்டினோம். வெளியே கிளையில் சேகண்டி என்கிற வெண்கலத் தட்டைத் தொங்கவிட்டு, ஒரு துளை வழியாக அதன் கயிற்றை உள்ளே விட்டோம், சத்தம் கேட்டால் படுத்தபடியே இழுத்து அடிப்பதற்கு. உருவிய பஞ்சு இரண்டு மூட்டை வந்தது. அம்மா அதைத் தலையணைகளில் அடைத்தாள். நான் அவற்றில் தலை வைத்ததில்லை.

மறுநாள் நாங்கள் போனபோது அப்பா வண்டிப்படியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து, மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவரைப்போல இருந்தார்.

"தூங்கலையாப்பா?"

"எங்க தூங்க? தவளை கேக்குது. இலை கேக்குது. பழம் விழுறதெல்லாம் எண்ணிக்கிட்டே கிடந்தேன்." சோற்றுத் தூக்கை வாங்கிக் கீழே வைத்தார். "அவிய மூணு தடவ வந்தாக. மூணு தடவையும் சேகண்டிய அடிச்சேன். போயிட்டாக."

அம்மா மலைப்பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்பா தூக்கைத் திறக்காமல் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"நான் நல்லாத் தூங்குன அன்னைக்கெல்லாம் எத்தனை தடவ வந்திருப்பாக தாயி?"

கணக்கில் என்னைக் கேட்டால் நான் உடனே பதில் சொல்லுகிறவள். அன்று சாப்பாட்டு இலையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஓடைக்குப் போனேன்.