கணக்கோடு இசைக்குப் போன எங்கள் அக்கா

எங்கள் அக்கா இறைவனில் இளைப்பாறத் தொடங்கி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஒரே தம்பியாகிய நான், நன்றி நிறைந்த மனத்தோடு இதை எழுதுகிறேன்.

ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அக்கா பிறந்தார். அவர் கல்லூரி இறுதியாண்டு படிக்கையில் அப்பா மாரடைப்பில் காலமானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சேக்காட்டில் ஒரு சிறிய வாடகை வீட்டுக்கு வந்தோம். காலையில் டியூஷன், பகலில் மின்சார ரயிலேறிக் கல்லூரி, மாலையில் மறுபடி டியூஷன். அப்படித்தான் அவர் முதுகலைக் கணிதம் முடித்தார். என்னையும் பொறியியல் படிக்க வைத்தார். பிறகு ஒரு மகளிர் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். திருமணம் வேண்டாமென்று இருந்துவிட்டார். படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவரே.

ஐம்பதாவது வயதில், துறைத்தலைவர் பதவி கைக்கு வரும் நேரத்தில், வேலையை விட்டார். கம்ப்யூட்டரைக் கொண்டு இசையும் ஓவியமும் உருவாக்கப் போவதாகச் சொன்னார். நான் கத்திவிட்டேன்.

"பைத்தியமாக்கா உனக்கு? இத்தனை வருஷப் படிப்பை வீணாக்கறியே!"

"கணக்கை நான் எங்கடா விட்டேன்? அதையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன்," என்றார்.

அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நாட்களில், அம்பத்தூரில் மென்பொருள் வேலை பார்த்த தம் பழைய மாணவியரிடம் உட்கார்ந்து அவர் புரோகிராம் எழுதக் கற்றார். இந்தச் சுரத்துக்குப் பின் எது வரலாம், இந்தக் கோடு எங்கே திரும்பலாம் என்று விதிகளை அவர் எழுதுவார். அவற்றை வைத்துக் கம்ப்யூட்டர் மெட்டுகளும் படங்களுமாகப் போட்டுத் தள்ளும். மனத்துக்குப் பிடித்ததை அவர் பொறுக்கி எடுப்பார்.

அப்படி எடுத்த ஒரு மெட்டுக்கு வரிகள் எழுதி, கிறிஸ்துமஸுக்காக எங்கள் கோயில் பாடகர் குழுவிடம் கொடுத்தார். அந்தக் குழுவில் இருந்த என் மகளை அழைத்து வரப் போனபோது ஒத்திகையைப் பார்த்தேன். பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. அம்பத்தூரை அடுத்த பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்துப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இன்னா டீச்சர் இது, மூச்சு வுடவே எடம் இல்ல! மிஷினு பாடிகினே போவும். நாங்க எப்டி பாடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னது சரியாகிவிட்டது என்றுகூட உள்ளுக்குள் எனக்குத் தோன்றியது. இன்று அதை நினைத்து வெட்கப்படுகிறேன். அக்காவோ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"நீங்க மூச்சு விடுவீங்கன்னு அதுக்கு நான் சொல்லவே இல்லையே!"

அவர்களுக்குத் தெரிந்த பழைய பாட்டொன்றைப் பாடச் சொல்லி, யார் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்துப் புது மெட்டோடு வந்தார்.

கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலியில் அதைப் பாடினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்ததும், "மன்னிச்சிடுக்கா," என்றேன்.

"அத விடு. மூணாவது வரி கொஞ்சம் இழுவையா இருந்துச்சு இல்ல?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள்தாம் அக்கா மிக மகிழ்ந்திருந்த ஆண்டுகள். பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போனபோதும் லேப்டாப் கூடவே போகும். கடைசி மாதத்தில் ஒருநாள் என்னை அருகில் அழைத்தார்.

"நான் போனா நினைவு மலர் போடுவே, எனக்குத் தெரியும். அட்டையில என் போட்டோவப் போட்டுடாதே. அதுக்குன்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்."

அவருக்குக் கற்றுக்கொடுத்த மாணவியருக்கும், அவர் மெட்டைத் தங்கள் குரலால் பாட்டாக்கிய பாடகர் குழுவினருக்கும், ஊசி குத்தும்போதெல்லாம் கதை பேசிச் சிரிக்க வைத்த செவிலியருக்கும், இறுதி நாட்களில் சோறு சமைத்து அனுப்பிய சேக்காட்டு அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

இம்மலரின் அட்டையை ஒருமுறை பாருங்கள். அருகில் இருப்பவரின் பிரதியோடு வைத்தும் பாருங்கள். அக்கா எழுதி வைத்த புரோகிராமின்படி, ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனிப் படம் அச்சாகியிருக்கிறது. உங்கள் கையில் உள்ளது வேறு எவரிடமும் இல்லை. அதை அவர் உங்களுக்கென்றே தந்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்.