மெதுவாகச் சுற்றிய ரெக்கார்டு

ரெக்கார்டு கடைக்கு வருகிறவர்கள் அவரைக் 'காது' என்றுதான் சொல்வார்கள். புது வெளியீடுகள் பெட்டியில் வந்து இறங்கியதும், ஒவ்வொன்றையும் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டு, உறையின் மேல் ஒட்டுவதற்கு இரண்டு மூன்று வரியில் ஓர் அட்டை எழுதித் தருவது அவர் வேலை. அதிலும் சைக்கடெலிக் கிட்டார் ட்ரோன் என்கிற வகைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஒரே சுரத்தைப் பிடித்து, ஒலியை உருமாற்றும் கால்பெடல்களுக்குள் விட்டுச் சுழற்றி, ரெக்கார்டின் ஒரு பக்கம் முடியும்வரை இழுத்துக்கொண்டே போவார்கள். பழக்கமில்லாதவர் கேட்டால் 'அந்த மோட்டாரை யாராவது நிறுத்துங்களேன்' என்பார். காதோ எது சரக்கு, எது வெறும் சத்தம் என்று பிரித்துச் சொல்லிவிடுவார்.

ஒரு காலத்தில் அவரும் வாசித்தவர்தான். கூட வாசித்தது ஒரு சிநேகிதன். கல்யாணம், பிள்ளைகள், முதுகுவலி என்று காது கிட்டாரைக் கீழே வைத்தார், சிநேகிதன் வைக்கவில்லை. அதோடு விட்டானா, இவருடைய தங்கையைக் கட்டிக்கொண்டு மச்சானும் ஆகிவிட்டான். ஒரே ஆளால் வாசிக்கவும் முடிகிறது, குடும்பத்தில் நல்ல பேர் வாங்கவும் முடிகிறது என்பதைக் காதால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அந்த மச்சானின் புது ரெக்கார்டு பெட்டியில் வந்திருந்தது. கடை திறப்பதற்கு முன்பே தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவரு வெளிய காட்டிக்கல, ஆனா நீ என்ன எழுதப்போறேன்னு சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறாரு. நல்லா எழுதுவியில்ல?"

"நல்லா இருந்தா நல்லா எழுதுவேன்."

வீட்டுக்கு எடுத்துவந்து, குற்றம் கண்டுபிடிக்கத் தோதாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் கேட்கத் தொடங்கினார். தரைக்கடியிலிருந்து வருவதுபோல் ஒரு சுரம் எழுந்தது. பக்கத்து அறையில் யாரோ கனமான பீரோவை அவசரமே இல்லாமல் நகர்த்துவதுபோல் நகர்ந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பாதியில் அவர் சாய்ந்திருந்ததை மறந்து நிமிர்ந்துவிட்டார். இந்தப் பயலுக்கு இது எங்கிருந்து வந்தது?

அட்டையை எடுத்து, 'தூக்கம் வராதவர்களுக்கு உதவும்' என்று எழுதினார்.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து படித்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பொடி எழுத்து எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"அவ்வளவு நல்லா இருக்கு."

"அப்புறம் ஏங்க இப்படி?"

"வயிறு எரியுது. வேற என்ன?"

அவள் சிரித்துக்கொண்டே ரெக்கார்டை உறையில் போட எடுத்தாள். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தைப் பார்த்தவள் நின்றாள்.

"ஏங்க, இதுல நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துன்னு போட்டிருக்கு. மிஷின்ல வேகத் திருகு முப்பத்து மூணுல இல்ல நிக்குது?"

பாடுகிற குரல் ஒன்று இருந்திருந்தால் வேகம் தப்பு என்று முதல் வரியிலேயே காட்டிக் கொடுத்திருக்கும். ஒரே சுரத்தில் எது காட்டிக் கொடுக்கும்?

சரியான வேகத்தில் போட்டார்கள். பீரோ போய், மேசை விசிறி வந்துவிட்டது. சுமாரான, மெலிந்த, யாரும் குறைசொல்ல முடியாத ஒரு ட்ரோன். காதுக்கு முகமெல்லாம் பல். தானே போய் டீ போட்டு மனைவிக்கும் கொடுத்தார்.

டீ குடித்ததும் மறுபடி மெதுவான வேகத்துக்கு மாற்றினார். மறுபடியும் பீரோ. அதைக் கேட்டபிறகு பழைய அட்டையை வைத்திருக்க அவருக்கே கூசியது. கிழித்துப்போட்டு வேறு எழுதினார்: 'வட்டத்தில் போட்டிருக்கும் வேகத்தை மறந்துவிடுங்கள். மெதுவாகச் சுற்றவிட்டுக் கேளுங்கள். இதுபோல் ஒன்று வந்து வெகு நாளாயிற்று.' எழுதியதில் பொய் இல்லை. பாராட்டில் பாதியாவது கண்டுபிடித்தவனுக்கு வந்து சேரும் என்ற ஆசை மட்டும் உள்ளே இருந்தது.

ரெக்கார்டு கொண்டுவரக் கொண்டுவரத் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சானும் தங்கையும் சாப்பிட வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே மச்சான் கட்டிப்பிடித்தான்.

"கண்டுபுடிச்சிட்டியேடா! மெதுவா கேக்கறதுக்குன்னேதான் வாசிச்சேன். அச்சடிச்சவன் நம்பரை மாத்திப் போட்டுட்டான்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. காதின் மனைவிக்கு இருமல் வந்தது.

"பாத்தியா அண்ணே, அவருக்குள்ள எவ்வளவு இருக்குன்னு! நீதான் எப்பவும் நம்பமாட்டே" என்றாள் தங்கை.

காது வாயைத் திறந்தார். தங்கை கணவனைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைக் கண்டு மூடிக்கொண்டார். "உட்காரு மச்சான், சாப்பாடு ஆறுது" என்றார்.

அவர்கள் போனபின் அடுப்படியில் மனைவி கேட்டாள்.

"புளுகறார்னு தெரியுதில்ல? கேட்டிருக்கலாமே."

"கேட்டா தங்கச்சி மூஞ்சி வாடிப்போயிடும்."

"அடேயப்பா, என்னா பாசம்!"

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று காது தட்டை அழுத்தித் தேய்த்தார். "மெதுவாத்தான் வாசிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். அடுத்ததை அவன் நெசமாவே அப்படி வாசிச்சாகணும். வாசிக்கட்டும், பாக்கறேன்."

"ஒருவேளை வாசிச்சுட்டார்னா?"

காது தேய்த்த தட்டையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.