திரும்பிக் கிடந்த சீவல்

எங்கள் மருத்துவமனையில் மூளைக் கட்டியை அறுத்தெடுப்பவர்கள் புதுக் கட்டடத்தில் இருக்கிறார்கள். எடுத்த கட்டி இன்ன வகை என்று பெயர் சொல்பவர்களைப் பின்பக்கத்துப் பழைய கட்டடத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே தலைமை டாக்டர் அன்னெகிரேட் லூர்ஸ். அவருக்குக் கீழே, நிஜமாகவே கீழே, நிலவறையில் நான். எடுத்த சதையை மெழுகில் வார்த்துச் சின்னக் கட்டையாக்கி என்னிடம் அனுப்புவார்கள். அடுக்கி வைப்பது என் வேலை.

அன்னெகிரேட் க்ளோப்பன்பூர்க் ஊர்ப் பக்கத்து இறைச்சிக் கடைக்காரரின் மகள். சதையைக் கண்டு முகம் சுளிக்காமல் வளர்ந்தவர். காலை இடைவேளையில் ரொட்டி மேல் பச்சைப் பன்றிக்கறியும் வெங்காயமும் தடவிச் சாப்பிட்டுக்கொண்டே கட்டிகளைப் பற்றிப் பேசுவார். மேஜையிலிருந்து பாதிப் பேர் எழுந்து போவார்கள், அவருக்கு அது தெரியவே தெரியாது. பள்ளி வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு பிரிந்தார். இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்துதான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அது என்ன கணக்கோ, நான் கேட்டதில்லை.

அவர் படித்த காலத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் சொல்வதுதான் வழி. ஒரே கட்டியை மூன்று பேர் பார்த்தால் இரண்டு பெயர் வரும். பெயர் மாறினால் வைத்தியமே மாறிவிடும். இதை அவரால் பொறுக்க முடியவில்லை. கட்டியின் டி.என்.ஏ. மேல் பொடிப் பொடியாக வேதி முத்திரைகள் ஒட்டியிருக்குமாம். ஒவ்வொரு வகைக் கட்டிக்கும் அந்த முத்திரைகளின் வரிசை தனி. அதைப் படித்து, முன்பே பெயர் தெரிந்த ஆயிரக்கணக்கான கட்டிகளோடு கணினியை ஒப்பிடச் சொன்னால், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதெல்லாம் வேறு வேறு குடும்பமாகப் பிரிந்து வரும். அந்த ஆயிரங்களைச் சேர்ப்பதற்காக வருடக்கணக்கில் என் அலமாரிகளைக் கலைத்தவர் அவர். நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன். கேட்டுவிட்டு இன்னும் இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு போவார்.

ஒரு வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். எங்கள் கட்டடத்தில் யார் தவறு செய்தாலும், தானாகச் சொல்லிவிட்டால் திட்டு கிடையாது. மறுநாள் கேக் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். மறைத்தால்தான் வம்பு. ஆய்வக ஊழியர் செங்குல் அந்த வழக்கத்தால் நன்றாகக் கேக் சுடக் கற்றுக்கொண்டாள் என்று சிரிப்பார்கள். அவள் பதிலுக்கு, அக்கா ஒரு தடவைகூட அடுப்பைப் பற்றவைத்ததில்லையே என்பாள். துருக்கிக் குடும்பத்துப் பெண், அன்னெகிரேட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

போன இலையுதிர் காலத்தில் யெட்டே என்ற ஐந்து வயதுச் சிறுமியின் கட்டி வந்தது. அறுத்தவர் டாக்டர் ஹோல்ட்காம்ப். முழுதாக எடுக்க முடியவில்லை, ஆழத்தில் கொஞ்சம் நின்றுவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்னெகிரேட், கொடிய வகை போலத்தான் தெரிகிறது, ஆனால் முத்திரைகளைப் படித்த பிறகே உறுதியாகச் சொல்வேன் என்றார். கொடியது என்றால் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும். அந்த வயதில் கதிர் பட்ட தலை பள்ளிக்கூடத்தில் எவ்வளவு தேறும் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஹோல்ட்காம்ப் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை தொடங்குவது என்று முடிவு செய்து, கதிர் கொடுக்கும்போது தலை அசையாமலிருக்க முகக்கவசமும் வார்த்துவிட்டார்கள்.

கணினியோ கையை விரித்துவிட்டது. எந்தக் குடும்பத்தோடும் சேரவில்லை, கொடுத்ததில் பெரும்பாலும் நல்ல மூளைதான் இருக்கிறது என்றது. ஹோல்ட்காம்ப் தொலைபேசியில், உங்கள் பெட்டி ஊமையாகிவிட்டது, கண்ணையே நம்புவோம் என்றாராம்.

அத்தோடு விட்டிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்னெகிரேட் கண்ணாடி ஸ்லைடைக் கையில் பிடித்துக்கொண்டு என் நிலவறைக்கு இறங்கி வந்தார். யெட்டேயின் கட்டையைக் கேட்டார்.

வேலை நடக்கும் விதம் இப்படி. மெழுகுக் கட்டையிலிருந்து முடியைவிட மெல்லிய சீவல் ஒன்றைச் சீவி வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுப்பார்கள். அதைச் சாயமேற்றிப் பார்த்து, கட்டி அடர்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுவார்கள். பிறகு கட்டையில் அதே இடத்தைச் சுரண்டி டி.என்.ஏ. எடுப்பார்கள். அந்த வாரம் செங்குலுக்குக் காய்ச்சல். சீவியது, வட்டம் போட்டது, சுரண்டியது எல்லாமே அன்னெகிரேட்.

என் விளக்கின் கீழே கட்டையை வைத்து, அதன் மேல் ஸ்லைடை வைத்தார். பொருந்தவில்லை. சீவலில் ஒரு கிழிசல் இடது ஓரத்தில் இருந்தது, கட்டையில் அதே வெடிப்பு வலது ஓரத்தில். ஸ்லைடைக் குப்புறத் திருப்பி வைத்தார். அச்சாகப் பொருந்தியது. வட்டம் ஒரு பக்கம், சுரண்டிய பள்ளம் எதிர்ப்பக்கம்.

“தண்ணில பொரண்டிருக்கு. நான் பாக்காம எடுத்திருக்கேன்.”

“யாருக்கும்தான் நடக்கும், டாக்டர்” என்றேன்.

“யாருக்கும் நடக்கல ரைனர். எனக்கு நடந்திருக்கு.”

அப்படியே மேலே போய்ச் சரியான இடத்தைச் சுரண்டிவிட்டார். ஆனால் முத்திரைகளைப் படித்து முடிக்க நாளாகும். திங்கட்கிழமைக்குள் வராது.

வியாழக்கிழமைகளில் எல்லா டாக்டர்களும் உட்கார்ந்து நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள். அந்த வியாழன் அன்னெகிரேட் ஒரு பெரிய தட்டில் வெண்ணெய்க் கேக்கோடு உள்ளே போனார். ஓரம் கருகியிருந்தது. செங்குல் கதவருகே இருந்ததால் நடந்தது எனக்குத் தெரியும். ஹோல்ட்காம்ப் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

“பிறந்தநாள் இல்ல. தப்பு பண்ணிட்டேன். யெட்டேயோட சாம்பிள நல்ல மூளையிலேர்ந்து எடுத்துட்டேன். எனக்கு ஒரு வாரம் வேணும்.”

ஹோல்ட்காம்ப் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கொடியதாக இருந்தால் ஒரு வாரம் என்பது சும்மா ஒரு வாரம் இல்லை என்றார். உங்கள் கணினிப் பெருமைக்காகக் குழந்தையைக் காக்க வைக்கச் சொல்கிறீர்களா என்றும் கேட்டார். அன்னெகிரேட், கொடியதாகவே வந்தால் தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று பெற்றோரிடம் என் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்றார். நெடுநேரம் வாதாடி ஒரு வாரம் கொடுத்தார்கள். ஹோல்ட்காம்ப் உடனே பெற்றோரிடம் போய், சீவல் திரும்பிக் கிடந்ததையும் அவர் பெயரையும் சொல்லிவிட்டார்.

எங்கள் கட்டடத்துக்கு நோயாளி வீட்டார் வருவதே இல்லை. மறுநாள் யெட்டேயின் அப்பா வந்தார். தோர்பென் என்று பெயர், தரைக்கு ஓடு பதிக்கிற ஆள், முழங்காலில் சிமெண்டுப் பொடியோடு நின்றார். வாசலில் இருந்த நான், முன்அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒதுங்கி வழிவிட்டேன். அதற்குள் அன்னெகிரேட்டே படியிறங்கி வந்துவிட்டார்.

“நான் ஒரு தரை ஓட்டைத் திருப்பி வெச்சுட்டேன்னு வைங்க, என் காசுல பேத்தெடுத்துட்டு வேற போடணும். நீங்க என்னம்மா பண்ணுவீங்க?”

“வேற போட்டுட்டேன். அது காயறதுக்குத்தான் காத்திருக்கோம்.”

“கெட்டதா வந்தா?”

“கதிர் கொடுப்பாங்க. ஒரு வாரம் லேட்டா. அதுக்குக் காரணம் நான்.”

“இல்லேன்னா?”

“அதை இப்ப சொன்னா அது பொய்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சீவலைப் பார்க்க வேண்டும் என்றார். அன்னெகிரேட் அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஊதா நிறப் புள்ளியாகத்தான் தெரிகிறது என்று சொல்லி எழுந்து போனார். கை கொடுக்கவில்லை.

அந்த வாரம் அன்னெகிரேட் பன்றிக்கறி ரொட்டியைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். செங்குல் கணினியை நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பாள், போ, போய் வேலையைப் பார் என்று இவர் விரட்டுவார்.

முடிவு ஒரு மத்தியானம் வந்தது. கணினி இந்தத் தரம் தயங்கவில்லை. மெதுவாக வளரும் குடும்பம். மைக்ராஸ்கோப்பில் கொடியது போல முகம் காட்டும், உள்ளே அப்படி இல்லை. கதிர் வேண்டாம். மிச்சத்தைப் படமெடுத்துக் கவனித்தால் போதும், வளர்ந்தால் மாத்திரை இருக்கிறது. செங்குல் அழுதாள். அன்னெகிரேட் முழுவதையும் முதலிலிருந்து இன்னொரு முறை சரிபார்த்தார். அதன் பிறகே ஹோல்ட்காம்பை அழைத்தார். அவர், முகக்கவசத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

தோர்பென் மறுபடி வரவில்லை. நன்றிக் கடிதம், பூங்கொத்து எதுவும் இல்லை. ஏன் வர வேண்டும்? மகள் தலைக்குள் அந்த மிச்சம் இன்னும் இருக்கிறதே.

மிச்சம் வளர்கிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு தரம் யெட்டேக்கு ஸ்கேன் படம் எடுக்கிறார்கள். அது எங்கள் கட்டடத்து வேலை இல்லை, யாரும் எங்களிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. அன்னெகிரேட் அந்த நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு, புதுக் கட்டடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஹோல்ட்காம்பின் மேஜைப் பக்கம் போய் நிற்பார். போன வாரம் நானும் தட்டோடு பின்னால் நின்றேன். ஹோல்ட்காம்ப் தலையை நிமிர்த்தாமல், உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே சொன்னார்.

“அப்படியேதான் இருக்கு.”

“சரி” என்று சொல்லிவிட்டு அன்னெகிரேட் சூப் வாங்கப் போனார்.