கையெழுத்துக் கேட்ட நடுக்கள வீரன்

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் தொழில்முறை அவுஸ்திரேலிய உதைபந்து வீரர் என்று ஒருவர் இருந்தார் என்றால் அது தபோதரன்தான். வேறு எவரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதற்கு முன்னரும் பின்னரும் அவர் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலையே பார்த்தார். இப்போதும் அதுதான்.

அவரை விளையாட்டுக்குள் துரத்தியது ஒரு கட்டைக்கால் நாய். தபோதரன் ஒரு வீட்டுப் படலையைத் திறந்ததும் அது குரைத்து நேரத்தை வீணாக்கவில்லை, நேரே வந்தது. அவர் பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குள் பாய்ந்தார். அங்கே எட்டுப் பேர் பந்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரை இடப்பக்கமாகச் சுற்றி, இன்னொருவரின் கைக்குக் கீழால் குனிந்து, மூன்றாமவரைத் தாண்டி அவர் ஓடிய ஓட்டத்தில் நாய் களைத்துப்போய்ப் புல்லில் படுத்துவிட்டது. பார்சல் நசுங்கவேயில்லை.

பயிற்சியாளர் ஸ்ரனிஸ்லாஸ் வாயைப் பிளந்தபடி நின்றார். அவர் மெல்பேர்னில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர். பீலெஃபெல்ட்டுக்குக் கலியாணம் கட்டிக்கொண்டு வந்தபோது தனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டையும் கூடவே கொண்டுவந்திருந்தார். அணிக்கு ஒன்பது பேர் வேண்டும். அவரையும் சேர்த்து எட்டுப் பேரே இருந்தார்கள்.

"தம்பி, உமக்கு உந்த ஓட்டம் எங்கயிருந்து வந்தது?"

"நாயிட்டயிருந்து அண்ணை."

"சனிக்கிழமை விளையாட வருவீரோ?"

"நாய் வருமோ?"

"வராது."

"அப்ப வாறன்."

வீட்டில் சாப்பாட்டு மேசையில் அம்மா இராஜேஸ்வரிக்கு அவர் விளையாட்டை விளக்கினார்.

"பந்து முட்டை மாதிரி அம்மா. காலால உதைக்கலாம், கையால குத்தலாம், ஆனா எறிய ஏலாது. தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனா இடைக்கிடை நிலத்தில அடிச்சுப் பிடிக்கோணும். நாலு கம்பம். நடுவில ரெண்டுக்குள்ளால உதைச்சா ஆறு புள்ளி."

"தவறினா?"

"பக்கத்துக் கம்பத்துக்குள்ளால போனா ஒரு புள்ளி."

"தவறினதுக்கும் புள்ளி குடுப்பினமோ?"

"ஓம்."

"அப்ப உனக்கெண்டேதான் இந்த விளையாட்டைக் கண்டுபிடிச்சிருக்கினம்," என்றார் அம்மா.

ஸ்ரனிஸ்லாஸ் அவரை நடுக்களத்தில் நிறுத்தினார். பந்து போகும் இடமெல்லாம் போகவேண்டிய வேலை அது. முதல் ஆட்டத்தில் பந்து கையில் கிடைத்ததும் தபோதரன் நாய் துரத்துவதாகவே நினைத்து ஓடினார். ஆனால் எதிரணிக்காரர் ஒருவர் கையை விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றபோது வேலைப் பழக்கம் வந்துவிட்டது. பந்தை அவர் கையில் பக்குவமாக வைத்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். அந்த மனிதர் நல்லவர். பேனைக்காகக் காற்சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டையில் பையே இல்லை. அதற்குள் தபோதரனுக்குச் சுயநினைவு திரும்பி, அந்த மனிதரின் கையிலிருந்த பந்தைக் குத்தி ஸ்ரனிஸ்லாஸிடம் அனுப்பினார். ஸ்ரனிஸ்லாஸ் அதை நடுக்கம்பங்களுக்குள் உதைத்தார். ஆறு புள்ளி.

அணியின் சட்டைக்குக் கை கிடையாது. அதைக் கண்டதும் இராஜேஸ்வரிக்குக் குளிர் எடுத்தது. பழைய கம்பளிச் சட்டை ஒன்றை வெட்டி இரண்டு மண்ணிறக் கைகளைத் தைத்துவிட்டார். அடுத்த ஆட்டத்தில் எதிராளி ஒருவர் பின்னால் வந்து தபோதரனின் கையைப் பிடித்து இழுத்தார். கை கழன்று வந்தது. கம்பளியைப் பிடித்தபடி அவர் போட்ட அலறலில் நடுவர் ஊதலை ஊதவும் மறந்துபோனார். தபோதரன் அதைப் பார்க்காமல் ஓடிக்கொண்டேயிருந்தார். அதற்குப் பிறகு இராஜேஸ்வரி வேண்டுமென்றே தளர்வாகத் தைக்கத் தொடங்கினார்.

இரண்டாம் வருடம் பான் நகரத்து அணி தபோதரனைத் தங்களிடம் வரச்சொல்லிக் கேட்டது. ஸ்ரனிஸ்லாஸ் பதறிப்போய், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பெட்டி அப்பிள் பானம் தருவதாக வாக்குக் கொடுத்தார். விளையாடுவதற்குக் கூலி கிடைத்துவிட்டதால் தபோதரன் அன்றிலிருந்து தொழில்முறை வீரர் ஆனார். இராஜேஸ்வரி தொலைபேசியை எடுத்து ஜேர்மனி முழுவதற்கும் அதை அறிவித்தார்.

அந்தச் செய்தியின் பலனாகப் பானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் கம்சனா, ஆய்வுகூடத்தில் வேலை. அவளும் தகப்பன் புவனேந்திரனும் மாப்பிள்ளையைப் பார்க்க, பான் அணியோடு நடந்த நட்பு ஆட்டத்துக்கே வந்தார்கள். பான் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல், ஆள் குறைவு. இந்த விளையாட்டில் பெண்களும் சேரலாம், நட்பு ஆட்டம் என்பதால் புதியவர்களும் சேரலாம் என்றார்கள். கரப்பந்தில் கெட்டிக்காரியான கம்சனா, கழற்றிய மேலங்கியைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டுக் களத்தில் இறங்கிவிட்டாள்.

"பிள்ளை, நாங்கள் மாப்பிளை பாக்க வந்தனாங்கள்!" என்று கத்தினார் புவனேந்திரன்.

"கிட்டப் போய்ப் பாத்துக்கொண்டு வாறன் அப்பா!"

அன்று அவள் தபோதரனைப் பந்தைத் தொடவிடவில்லை. ஆட்டம் முடிந்தபோது அவள் கையில் இரண்டு கம்பளிக் கைகளும் இருந்தன.

"பிடிச்சுதோ?" என்று மெல்லக் கேட்டார் தகப்பன்.

"ரெண்டு தரம் பிடிச்சன். ஒரு தரம் தப்பிட்டார்."

கலியாணம் முடிந்து பீலெஃபெல்ட்டுக்கு வந்தபோது கம்சனாவும் அதே அணியில் சேர்ந்தாள். கணவனும் மனைவியும் ஒரு பருவம் முழுக்க நடுக்களத்தில் ஓடினார்கள். பிறகு தபோதரனின் கணுக்கால் முறிந்தது. விளையாட்டில் அல்ல, பார்சல் வண்டியிலிருந்து இறங்கும்போது. படி ஏறலாம், இனிப் பாய்ந்து ஓட ஏலாது என்று வைத்தியர் சொன்னபோது அவர் உண்மையாகவே அழுதார். கம்சனா பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினாள். அன்று மட்டும் பகிடி விடவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் அவரைக் கைவிடவில்லை. கம்பத்தடியில் நிற்கும் நடுவராக்கி, ஒரு வெள்ளைத் தொப்பியும் இரண்டு கொடிகளும் கொடுத்தார். ஆறு புள்ளிக்கு இரண்டு கொடி அசைக்க வேண்டும், ஒரு புள்ளிக்கு ஒன்று. தபோதரனுக்கு அந்த வேலை மிகவும் பிடித்துப்போயிற்று. கண்ணாடி முன்னால் நின்று பழகினார்.

போன கோடையில் ஓர் இறுதியாட்டம். வெற்றிக்கு ஆறு புள்ளி வேண்டிய நேரத்தில் கம்சனா உதைத்த பந்து கம்பத்தில் லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனது. உரசினால் ஒரு புள்ளிதான். தபோதரன் ஒரு கொடியைத் தூக்கினார். அணி தோற்றது.

இருவரும் காரில் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நின்ற இராஜேஸ்வரி இருவரின் முகத்தையும் பார்த்தார்.

"உரசினதுதான் அம்மா. என்ர கண்ணால கண்டனான்," என்றார் தபோதரன்.

"கண்டிருப்பாய். இண்டைக்கு ஆர் சமையல்?"

"கம்சனா."

இராஜேஸ்வரி பெருமூச்சு விட்டு உள்ளே போனார். தபோதரன் தொப்பியைக் கழற்றாமலே பின்னால் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.